ஓட்டுபவர் ஏறியதும் வண்டி எவ்வளவு அமுங்க வேண்டும்?

மோட்டார் சைக்கிளின் சஸ்பென்ஷன் முழுதாக நீண்டிருக்கும் நிலையிலிருந்து, எடை ஏறியதும் எவ்வளவு தூரம் கீழே இறங்குகிறதோ அந்தத் தூரத்துக்கு ‘சேக்’ என்று பெயர். இங்கே அதை அமுங்கல் என்று குறிப்போம். இதில் இரண்டு அளவுகள் உண்டு. ஆள் ஏறாமல், வண்டி தன் எடையால் மட்டும் இறங்குவது வெற்று அமுங்கல். ஓட்டுபவர் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் அணிந்து, வழக்கமாக உட்காரும் விதத்தில் உட்கார்ந்தபின் இருக்கும் மொத்த இறக்கம் ஆள் அமுங்கல். இரண்டுமே சஸ்பென்ஷன் முழு நீளத்தில் இருக்கும் நிலையிலிருந்துதான் அளக்கப்படுகின்றன.

சஸ்பென்ஷன் மொத்தமாக மேலும் கீழும் போகக்கூடிய தூரம் டிராவல். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் இது 120, 130 மி.மீ. அளவில் இருக்கும். முதல் தலைமுறை ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் முன்பக்கம் 200, பின்பக்கம் 180 மி.மீ. மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளில் ஏறக்குறைய 300. டிராவல் எவ்வளவாக இருந்தாலும் ஆள் ஏறியதும் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செலவாகிவிட வேண்டும் என்பது பொது விதி. வாங்கிய பணத்துக்குக் கிடைத்த டிராவலில் மூன்றில் ஒரு பங்கை, வண்டி நகரும் முன்பே ஏன் செலவிட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது.

சாலையில் மேடு இருப்பதுபோலவே பள்ளமும் இருக்கிறது. மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலே எழும்ப இடம் வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் கீழே போகவும் இடம் வேண்டும். அமுங்கலே இல்லாத வண்டியில் சக்கரம் ஏற்கெனவே கீழ் எல்லையில் நிற்கிறது. பள்ளம் வந்தால் அதற்கு இறங்க வழியில்லை. டயர் அந்தரத்தில் தொங்கும், அல்லது முழு வண்டியும் சேர்ந்து விழும். நேர்ச் சாலையில் இது முதுகில் ஓர் இடி மட்டும். வளைவில் சாய்ந்து போகும்போது, டயர் தரையை விட்ட அந்த நொடியில் பிடிப்பு போய்விடுகிறது. ஆகவே அமுங்கல் என்பது சொகுசுக்கான ஏற்பாடு அல்ல. சக்கரம் கீழ்நோக்கிப் போக ஒதுக்கி வைத்த இடம் அது.

அப்படியானால் மேலுக்கும் கீழுக்கும் ஏன் சரிபாதியாகப் பிரிக்கக் கூடாது? சக்கரத்தை மேலே தள்ளும் விசையும் கீழே தள்ளும் விசையும் சமம் அல்ல என்பதே காரணம். பள்ளத்தில் சக்கரத்தைக் கீழே தள்ளுவது ஸ்பிரிங்கில் சேர்ந்திருக்கும் விசையும் சக்கரத்தின் சொந்த எடையும்தான். அதற்கு ஓர் அளவு உண்டு. அடையாளப் பூச்சு இல்லாத வேகத்தடையில் வேகமாக ஏறும்போது சக்கரத்தை மேலே தள்ளும் விசைக்கு அப்படி அளவு கிடையாது. அது சக்கரம் தாங்கி நிற்கும் எடையைப்போலப் பல மடங்கு போகும். அதனால் மேல்பக்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வைக்கப்படுகிறது.

பிரீலோட் எதை மாற்றுகிறது, எதை மாற்றாது

அமுங்கலைச் சரிசெய்யப் பயன்படும் ஏற்பாடு பிரீலோட். சஸ்பென்ஷன் முழுதாக நீண்டிருக்கும்போதே ஸ்பிரிங்கை எவ்வளவு நெருக்கி வைத்திருக்கிறோம் என்பதே அது. நம் ஊர்க் கம்யூட்டர் வண்டிகளின் பின் ஷாக் அப்சார்பரில் சி-ஸ்பானர் போட்டுத் திருப்பும் படிப்படியான வளையம் இருக்கிறதே, அது செய்வது இதைத்தான். விலை கூடிய வண்டிகளில் மறையுள்ள காலரும் பூட்டு நட்டும் இருக்கும். சிலவற்றில் கையாலேயே திருகும் குமிழ் இருக்கும்.

இந்த வளையத்தைத் திருப்பினால் ஷாக் கடினமாகும் என்று ஒர்க்‌ஷாப்பிலும் சொல்கிறார்கள், ஓட்டுபவர்களும் நம்புகிறார்கள். சாதாரண ஒரே சீரான ஸ்பிரிங்கில் அது உண்மை இல்லை. ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதிப்படி, ஸ்பிரிங் அமுங்கும் தூரமும் அதன்மேல் ஏறும் விசையும் ஒரே விகிதத்தில் கூடுகின்றன. அந்த விகிதமே ஸ்பிரிங்கின் விறைப்பு. கம்பியின் பருமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, உலோகம் ஆகிய நான்கும் அதைத் தீர்மானிக்கின்றன. வளையத்தைத் திருப்புவது இந்த நான்கில் எதையும் தொடுவதில்லை. ஒரு மி.மீ.க்கு 2 கிலோ என்ற விறைப்புள்ள ஸ்பிரிங்கில், பிரீலோட் எத்தனை ஆனாலும், கூடுதலாக ஏறும் ஒவ்வொரு 20 கிலோவுக்கும் அது 10 மி.மீ.தான் இறங்கும்.

மாறுவது வண்டி நிற்கும் உயரம். ஸ்பிரிங்கை முன்கூட்டியே 10 மி.மீ. நெருக்கி வைத்தால், அதே எடையைத் தாங்க அது மேற்கொண்டு அமுங்க வேண்டிய தூரம் 10 மி.மீ. குறைகிறது. வண்டி அந்த அளவு உயர்ந்து நிற்கிறது. பின்பக்கம் நெம்புகோல் விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஷாக் 1 மி.மீ. நகரும்போது சக்கரம் 2 மி.மீ. நகரும் வண்டியில், வளையத்தை 5 மி.மீ. இறுக்கினால் சக்கரத்தருகே அமுங்கல் ஏறத்தாழ 10 மி.மீ. குறையும். அதே விகிதத்தின் இருமடிப்படி விறைப்பும் மாறுகிறது: ஷாக்கில் மி.மீ.க்கு 8 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங், சக்கரத்தில் மி.மீ.க்கு 2 கிலோவாகத்தான் வெளிப்படும்.

பிறகு ஏன் பலருக்கு வண்டி கடினமானதாகவே தெரிகிறது? நெருக்கி வைத்த ஸ்பிரிங்குக்கு ஒரு வாசல் உண்டு. 2 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங்கை 40 மி.மீ. நெருக்கி வைத்தால், 80 கிலோ விசை வரும்வரை அது அசையாது. ஒல்லியான ஆள் தனியாக ஓட்டும்போது பின்சக்கரத்தின் மேல் உள்ள எடை இந்த வாசலைச் சற்றே தாண்டும், அல்லது தாண்டவே தாண்டாது. சிறு மேடுகள் எதற்கும் சஸ்பென்ஷன் வேலை செய்யாமல் நிற்கும்; சக்கரம் கீழ் எல்லையில் போய் இடிக்கும். அந்த இடியைத்தான் உடம்பு கடினம் என்று எடுத்துக்கொள்கிறது.

அளக்கும் முறை

தேவைப்படுவது ஒரு அளவு டேப், ஒட்டும் டேப், உதவிக்கு இரண்டு பேர். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். டேங்கில் பாதியாவது பெட்ரோல் இருப்பது நல்லது. 15 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 11 கிலோ என்பதால், காலி டேங்கில் எடுத்த அளவு முன்பக்கத்தைப் பற்றிப் பொய் சொல்லும்.

பின்பக்கத்துக்கு, சக்கர அச்சுக்கு நேர்மேலே வால்பகுதி பேனலில் ஒட்டும் டேப்பை ஒட்டி ஒரு புள்ளி குறிக்கப்படுகிறது. அச்சிலிருந்து அந்தப் புள்ளிவரை உள்ள தூரம்தான் இனி எல்லா அளவுக்கும் அடிப்படை. சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதில் நிறுத்தி, பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது முதல் அளவு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேர் பின்கைப்பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டும். முன்பக்கம், சாதாரண ஃபோர்க்கில் தூசி சீலிலிருந்து கீழ்க் கிளாம்ப் வரையும், தலைகீழ் ஃபோர்க்கில் தூசி சீலிலிருந்து அச்சைப் பிடித்திருக்கும் வார்ப்புவரையும் அளப்பது வழக்கம். ஃபோர்க் சாய்ந்திருந்தாலும் குழாயை ஒட்டியே அளக்க வேண்டும். அதன் டிராவலும் அந்தக் கோட்டில்தான் சொல்லப்படுகிறது.

அடுத்து ஓட்டுபவர் ஏறுகிறார். கால்கள் தரையில் அல்ல, ஃபுட்ரெஸ்டில். ஒருவர் முன்னால் நின்று வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்கிறார். இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள்: ஒருமுறை அளந்துவிட்டு எழுதிக்கொள்கிறார்கள். ஃபோர்க்கின் சீல், புஷ், பின்பக்க லிங்கேஜின் பேரிங் எல்லாவற்றிலும் உராய்வு உண்டு. வண்டி மேலிருந்து இறங்கி நின்றால் அந்த உராய்வு அதைச் சற்று மேலேயே பிடித்து வைக்கும். கீழிருந்து ஏறி நின்றால் சற்றுக் கீழேயே பிடித்து வைக்கும். ஆகவே இரண்டு முறை அளப்பதே சரி. முதலில் வண்டியை அழுத்தி, மெதுவாகத் தானே எழ விட்டு ஓர் அளவு. பிறகு சற்றுத் தூக்கி, மெதுவாக இறங்க விட்டு இன்னோர் அளவு. இரண்டின் சராசரியை முழு நீளத்திலிருந்து கழித்தால் கிடைப்பதே உண்மையான அமுங்கல். அமெரிக்காவின் ரேஸ் டெக் நிறுவனத்தைச் சேர்ந்த பால் தீட் எழுதியும் கற்பித்தும் பரவலாக்கிய முறை இது. இதன் சிறப்பு, உராய்வைக் கழித்துவிடுவதோடு அதை அளந்தும் காட்டிவிடுவது.

இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் சில மி.மீ. என்றால் சஸ்பென்ஷன் நல்ல நிலையில் இருக்கிறது. 15, 20 மி.மீ. என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அச்சு போல்ட்டுகள் தவறான வரிசையில் இறுக்கப்பட்டு ஃபோர்க்கின் இரு கால்களும் ஒன்றையொன்று நெரிக்கலாம். ஏதோ ஒரு விபத்தில் குழாய் வளைந்திருக்கலாம். லிங்கேஜ் பேரிங் கிரீஸ் இல்லாமல் வறண்டிருக்கலாம். முதல் காரணத்துக்கு மருந்து எளிது: அச்சைப் பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலைந்து தடவை அழுத்தி எழவிட்டு, மறுபடி இறுக்குவது. உராய்வு தீராமல் பிரீலோடை நோண்டுவதில் பயனில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன

சாலை ஸ்போர்ட்ஸ் வண்டிகளுக்கு ஆள் அமுங்கல் முன்பக்கம் 30 முதல் 40 மி.மீ., பின்பக்கம் 30 முதல் 40 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். பந்தயத் தடம் மேடுபள்ளமின்றிச் சீராக இருப்பதால் இதைவிடச் சற்றுக் குறைப்பார்கள். நீண்ட டிராவல் உள்ள அட்வென்ச்சர் வண்டிகளில் எண்ணைவிட விகிதத்தைப் பார்ப்பது மேல்: ஹிமாலயனின் 200, 180 மி.மீ.க்கு 30 விழுக்காடு என்றால் முன்னே 60, பின்னே 54. மோட்டோகிராஸில் பின்பக்க ஆள் அமுங்கல் 100 மி.மீ. அளவிலும், வெற்று அமுங்கல் 30 முதல் 40 மி.மீ. வரையும் வைப்பது வழக்கம். இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் பழக்கம் வளர்ந்ததே அந்தப் பந்தயங்களில்தான். 1970-களின் தொடக்கத்தில் 100 மி.மீ. சொச்சமாக இருந்த பின்சக்கர டிராவல், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 300-ஐ எட்டியது. பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸின் ஒற்றை ஷாக் அமைப்பை யமஹா வாங்கிப் பொருத்தி, 1973-இல் ஹோகன் ஆண்டர்சனின் ஓட்டத்தில் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றது அந்த மாற்றத்தின் பெரிய திருப்பம். டிராவல் மும்மடங்கானதும், ஓட்டுபவரின் எடையில் உள்ள வேறுபாடு அமுங்கலில் பல சென்டிமீட்டர் வேறுபாடாகத் தெரியத் தொடங்கியது.

ஆள் அமுங்கலை மட்டும் அளந்து, வளையத்தைத் திருப்பி, புத்தகத்தில் உள்ள எண்ணைக் கொண்டுவந்துவிட்டு எழுந்து போகிறவர்கள்தான் அதிகம். அது பாதி வேலை. மீதிப் பாதியில்தான் ஸ்பிரிங் அந்த ஆளுக்கு ஏற்றதா என்ற விடை இருக்கிறது. அதற்கு வெற்று அமுங்கலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு எடுத்துக்கொள்ளலாம். பின் டிராவல் 130 மி.மீ. உள்ள சாலை வண்டி. ஸ்பிரிங்கின் மேல் பின்பக்கம் வண்டியின் எடை 70 கிலோ விழுகிறது. 75 கிலோ ஓட்டுபவர் ஏறினால் அதில் 56 கிலோ பின்பக்கம் சேர்ந்து மொத்தம் 126 ஆகிறது. மூன்று வெவ்வேறு ஸ்பிரிங்குகளைப் போட்டு, ஒவ்வொன்றிலும் பிரீலோடை மாற்றி ஆள் அமுங்கலை 40 மி.மீ.க்குக் கொண்டுவந்தாயிற்று. சக்கரத்தில் மி.மீ.க்கு 1.5 கிலோ விறைப்புள்ள மென்மையான ஸ்பிரிங்குக்கு, சக்கர அளவில் 44 மி.மீ. பிரீலோட் தேவைப்பட்டது. 2 கிலோ ஸ்பிரிங்குக்கு 23 மி.மீ. 2.8 கிலோ ஸ்பிரிங்குக்கு வெறும் 5 மி.மீ. ஆள் உட்கார்ந்த நிலையில் மூன்று வண்டிகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

ஆள் இறங்கட்டும். மென்மையான ஸ்பிரிங் உள்ள வண்டி ஏறக்குறைய முழுதாக எழுந்துவிடுகிறது. வெற்று அமுங்கல் 3 மி.மீ.கூட இல்லை. நடுத்தர ஸ்பிரிங்கில் 12 மி.மீ. விறைப்பான ஸ்பிரிங்கில் 20 மி.மீ. முதல் பார்வைக்கு இது தலைகீழாகத் தெரியும். மென்மையான ஸ்பிரிங்தானே வெறும் வண்டியின் எடைக்கே அதிகம் அமுங்க வேண்டும்? அதை 40 மி.மீ.க்குத் தூக்கி நிறுத்த அவ்வளவு நெருக்க வேண்டியிருந்தது என்பதுதான் விளக்கம்.

இதில் ஓர் அழகான எளிமை இருக்கிறது. ஆள் அமுங்கலிலிருந்து வெற்று அமுங்கலைக் கழித்தால் பிரீலோட் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. மிஞ்சுவது, ஓட்டுபவர் ஏறியதால் மட்டும் கூடிய இறக்கம். இந்த எடுத்துக்காட்டில் 37, 28, 20 மி.மீ. பின்சக்கரத்தின் மேல் ஓட்டுபவரால் கூடும் 56 கிலோவை இதனால் வகுத்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு நேரடியாகக் கிடைக்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றாமல், அதன்மேல் அச்சிட்ட எண்ணைத் தேடாமல், ஒரு டேப்பை வைத்தே அதன் குணத்தை அறியலாம். ஒரே ஒரு நிபந்தனை, வெற்று அமுங்கல் பூஜ்யமாகப் போயிருக்கக் கூடாது. அப்போது ஸ்பிரிங் கீழ் எல்லையில் முட்டி நிற்பதால் கழித்தல் பொய்யாகிவிடும். முன்பக்கம் ஓட்டுபவரின் எடையில் சிறு பங்கே விழுவதால் இந்தச் சோதனை அங்கே அவ்வளவு துல்லியமாக இராது.

ஆக, சாலை ஸ்போர்ட்ஸ் வண்டியின் பின்பக்கம் ஆள் அமுங்கல் சரியாக இருக்கும்போது வெற்று அமுங்கல் 5 முதல் 15 மி.மீ.க்குள் வந்தால் ஸ்பிரிங் அந்த ஆளுக்குப் பொருந்துகிறது. அதற்குக் குறைந்தால் ஸ்பிரிங் அவருக்கு மென்மை, கூடினால் விறைப்பு.

ஒரே உயரத்தில் நிற்கும் அந்த மூன்று வண்டிகளும் ஓடும்போது வேறு வேறு வண்டிகள். டிராவல் முழுதும் தீரும் இடத்தில் மென்மையான ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும் விசை 261 கிலோ; நடுத்தரம் 306; விறைப்பானது 378. வேகத்தடையில் முதலில் தட்டுவது எது என்பது தெளிவு. துள்ளும் வேகமும் மாறுகிறது. ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் எடை நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்பும் என்பது, பிரீலோடையும் அமுங்கலையும் கூட்டிய மொத்த நெருக்கத்தைப் பொறுத்தது. மூன்றுக்கும் அது 84, 63, 45 மி.மீ.; ஆட்டம் நொடிக்கு முறையே சுமார் 1.7, 2.0, 2.3 தடவை.

பிரேக் பிடிக்கும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. வண்டியும் ஆளும் சேர்ந்து 260 கிலோ, எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ., இரு அச்சுகளுக்கு இடையே 140 செ.மீ. என்று வைத்தால், புவியீர்ப்பின் பாதி அளவுக்கு வேகம் குறையும் பிரேக்கில் பின்சக்கரத்திலிருந்து ஏறத்தாழ 56 கிலோ முன்சக்கரத்துக்கு மாறுகிறது. அதாவது ஓட்டுபவர் பின்பக்கம் வைத்த எடை அத்தனையும் இறங்கிப் போனதற்குச் சமம். பின்பக்கம் வெற்று அமுங்கல் நிலைக்கே எழுந்துவிடும். மென்மையான ஸ்பிரிங்கில் அப்போது சக்கரம் கீழே போக மிஞ்சியிருப்பது 3 மி.மீ.க்கும் குறைவு, பிரேக்கை இன்னும் சற்று அழுத்தினால் அதுவும் இல்லை. சாலையில் ஒரு குழி குறுக்கிட்டால் பின்டயர் தரையைவிட்டு எழும்பித் தத்தும். வெற்று அமுங்கல் என்ற எண், பலமாகப் பிரேக் பிடிக்கும் நேரத்தில் பின்சக்கரத்துக்கு மிஞ்சும் இருப்பு என்று புரிந்துகொண்டால், அதை யாரும் அளக்காமல் விடமாட்டார்கள்.

முன்னும் பின்னும் சேர்ந்தே

அமுங்கல் வண்டியின் நடத்தையையும் மாற்றுகிறது. பின்பக்கம் 10 மி.மீ. கூடுதலாக இறங்கினால், 140 செ.மீ. அச்சு இடைவெளி உள்ள வண்டியில் ஃபோர்க்கின் சாய்வுக் கோணம் ஏறத்தாழ 0.4 பாகை படுக்கிறது. முன்டயர் பின்னிழுக்கும் தூரமான டிரெயில் 2, 3 மி.மீ. கூடுகிறது. சிறிய எண்கள்தான். ஆனால் வண்டியைத் திருப்பும்போது ஹேண்டில்பாரில் சோம்பல் தெரியும். வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். முன்பக்கம் அதிகம் இறங்கினால் நேர்மாறு: வண்டி சட்டென்று திரும்பும், நெடுஞ்சாலை வேகத்தில் ஹேண்டில்பார் படபடக்கும். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் கோணம் மாறாது, தரையிடைவெளிதான் குறையும். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் அளந்து சரிசெய்வது மற்றப் பக்கத்தைக் கெடுப்பதற்குச் சமம்.

டாம்பிங் திருகுகள் உள்ள வண்டிகளில் அவற்றைத் தொடுவது அமுங்கல் சரியானபின்தான். டாம்பிங் எண்ணெய் நகரும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறதே தவிர எடையைத் தாங்குவதில்லை. நிற்கும் வண்டியின் உயரத்தை அது மாற்றாது. தவறான உயரத்தில் நிற்கும் சக்கரத்தை டாம்பிங்கால் திருத்த முடியாது.

பின்சீட்டில் ஆள்

தனியாக ஓட்டுபவருக்கு வைத்த அளவு, பின்சீட்டில் ஒருவர் ஏறியதும் செல்லாது. பின்சீட்டு ஏறக்குறைய பின் அச்சுக்கு மேலேயே இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஏறினால் அதில் 50 கிலோ அளவு பின்சக்கரத்துக்கே போகிறது. மேற்சொன்ன நடுத்தர ஸ்பிரிங்கில் அது 25 மி.மீ. கூடுதல் இறக்கம். அமுங்கல் 65 ஆகி, 130 மி.மீ. டிராவலில் பாதி போய்விடுகிறது. ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறுகிறது. பழைய உயரத்தைத் திரும்பப் பெற சக்கரத்தில் 25, அதாவது விகிதம் இரண்டாக உள்ள ஷாக்கில் 12.5 மி.மீ. பிரீலோட் கூட்ட வேண்டும். மனைவி, பிள்ளைகளோடு ஊருக்குப் போகும் நாளில் அந்த ஐந்து படி வளையத்தைத் திருப்பச் செலவாகும் இரண்டு நிமிடம் வீணல்ல. அதற்காகவே அது இருக்கிறது. திரும்பி வந்து தனியாக ஓட்டும்போது பழைய படிக்குக் கொண்டுவருவதும் அதே அளவு முக்கியம். இரட்டை ஷாக் வண்டிகளில் இரு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும்.

லடாக் போகும் வண்டிகளில் பெட்டிகள் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகின்றன. அச்சுக்கு 20 செ.மீ. பின்னால் வைத்த 15 கிலோ பெட்டி, பின்சக்கரத்தில் 17 கிலோவாக விழுகிறது. முன்சக்கரத்திலிருந்து 2 கிலோவைத் தூக்கியும் விடுகிறது. கனமான பொருள்களை டேங்க் பக்கம் கொண்டுவருவது, எந்தத் திருகையும் தொடாமல் அமுங்கலைச் சரிசெய்யும் வழி.

எடை மாறும்போது விறைப்பும் மாற வேண்டும் என்பதை அந்தக் காலத்திலேயே உணர்ந்து செய்த நிறுவனம் இங்கிலாந்தின் வெலோசெட். 1950-களின் அதன் வண்டிகளில் பின் ஷாக்கின் மேல்முனை வளைந்த ஒரு துளைப் பாதையில் நகரும். இரட்டைச் சவாரிக்கு ஷாக்கை நிமிர்த்தி வைத்தால் நெம்புகோல் விகிதம் மாறி, சக்கரத்தில் விறைப்பே கூடிவிடும். பிரீலோட் வளையம் செய்ய முடியாத வேலை அது.

திருகு இல்லாத ஃபோர்க், எட்டாத கால்

நம் ஊரில் விற்கும் பெரும்பாலான வண்டிகளின் ஃபோர்க்கில் எந்தத் திருகும் இல்லை. அங்கே அமுங்கலை மாற்ற, ஃபோர்க் மூடியைத் திறந்து ஸ்பிரிங்குக்கு மேல் இருக்கும் ஸ்பேசர் குழாயின் நீளத்தை மாற்ற வேண்டும். 5 மி.மீ. நீளமான ஸ்பேசர் அமுங்கலை 5 மி.மீ. குறைக்கும். இதற்கும் எல்லை உண்டு: அளவு மீறி நெருக்கினால், டிராவல் முடியும் முன்பே ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி இரும்புத்துண்டாகிவிடும். ஸ்பிரிங்கே பொருந்தாதபோது ஸ்பேசரால் ஒப்பேற்றுவது முன்பு கண்ட மென்மையான ஸ்பிரிங்கின் கதையாகவே முடியும். அப்போது ஸ்பிரிங்கை மாற்றுவதுதான் வழி. பின்பக்க வாயு ஷாக்கை வீட்டில் திறக்கக் கூடாது. உள்ளே நைட்ரஜன் மிக உயர்ந்த அழுத்தத்தில் இருக்கிறது.

சீட் உயரம் 800 மி.மீ. தாண்டியதும், கால் தரையில் எட்டவில்லை என்று பிரீலோடைத் தளர்த்துபவர்கள் பலர். சிக்னலில் நிற்கும் நேரத்துக்காக, ஓடும் நேரம் முழுவதற்கும் வேண்டிய மேல்பக்க இருப்பை அது தின்றுவிடுகிறது. ஃபோர்க் கோணமும் படுத்துவிடுகிறது. சீட்டின் நுரையைக் குறைப்பது, அல்லது குறைந்த உயர சீட் வாங்குவது இதைவிட நல்லது. அவை சஸ்பென்ஷனைத் தொடுவதில்லை.

அளவு சரியா என்பதை ஓட்டிப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். ஃபோர்க் குழாயில் ஒரு ஜிப் டையைத் தளர்வாகக் கட்டி வழக்கமான சாலையில் ஓட்டினால், சீல் அதை எவ்வளவு தூரம் தள்ளியது என்பது தெரியும். மிக மோசமான அடியில்கூட டிராவலில் பாதிதான் செலவாகிறது என்றால் ஸ்பிரிங் விறைப்பு. சாதாரணக் குழிகளிலேயே கடைசிவரை போய்விட்டால் மென்மை. ஜிப் டை கட்டியவர் வண்டியை ஓட்டி முடித்ததும் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். சீலுக்கு அது நல்லதல்ல.

கேடிஎம் நிறுவனம் தன் ஆஃப்ரோடு பந்தய வண்டிகளின் கையேட்டில், பொருத்தி வரும் ஸ்பிரிங் 75 முதல் 85 கிலோ எடையுள்ள ஓட்டுபவருக்கானது என்று எழுதி, இரண்டு அமுங்கல் அளவுகளையும் தந்து, வேறு எடைக்கு எந்த ஸ்பிரிங் வாங்க வேண்டும் என்பதையும் அச்சிடுகிறது. நம் சாலைகளில் நாள்தோறும் ஓடும் கம்யூட்டர் வண்டிகள் பலவற்றின் கையேட்டில், தனியாகப் போனால் இந்தப் படி, இருவர் போனால் அந்தப் படி என்பதற்கு மேல் எதுவும் இல்லை. 50 கிலோ கல்லூரி மாணவியும் 95 கிலோ வியாபாரியும் அதே வண்டியை அதே ஸ்பிரிங்கோடு வாங்கிப் போகிறார்கள். ஆள் அமுங்கல், வெற்று அமுங்கல் என்ற இரண்டு எண்களையும் கையேட்டில் அச்சிடுவதும், எடைக்கேற்ற இரண்டு மூன்று ஸ்பிரிங்குகளை ஷோரூமில் விற்பதும் உற்பத்தியாளர்களுக்கு முடியாத காரியம் அல்ல. அவர்கள் செய்யும்வரை, அளவு டேப்பை எடுக்க வேண்டியவர் வண்டியின் சொந்தக்காரர்தான்.